வாலைப் பிடிக்காதவள்

பஸ்ஸில் எலியக்கா ஏறி உட்கார்ந்தால், பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு நிறுத்தம் தாங்குவார். மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கப் போகிறவர் மாதிரி எழுந்து கதவுவரை போவார், அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். எலி மூத்திர நாற்றம் அப்படி. என்னதான் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் தலைமுடிக்குள்ளும் நகக்கண்ணிலும் ஒண்டிக்கொண்டு வீடுவரை கூடவே வரும். இருபத்திரண்டு வருஷமாக வருகிறது. அவளுக்கு அது உறைப்பதே இல்லை. அவளுக்குக் குமட்டுவதெல்லாம் வேறு.

அவள் வேலை பார்த்தது ஒரு மூளை ஆராய்ச்சி நிலையத்தில். மேலே ஐந்து மாடி. கண்ணாடிக் கதவு, குளிர் அறை, ஆளுக்கொரு கணினி. மூளைக்குள் எந்த நரம்பு எதோடு பேசுகிறது என்று கலர் கலராகப் படம் எடுத்து, அதை வெளிநாட்டு மேடைகளில் காட்டிக் கைதட்டு வாங்கி வருவார்கள். அந்தப் படத்துக்குரிய மூளை அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், கூண்டுக்குள் தீனி கொறித்துக்கொண்டிருக்கும். கூண்டைக் கழுவி, மரத்தூள் மாற்றி, தண்ணீர்ப் புட்டி மாட்டி, எலியை எடை போட்டு, கூண்டின் முன்னால் தொங்கும் அட்டையில் தேதியும் கையெழுத்தும் போடுவது, நிரம்பிய அட்டையைத் தன் தகரப்பெட்டியில் சேர்த்துவைப்பது எலியக்காவின் வேலை. அடித்தளத்துக்கு லிஃப்ட் போகும். மேல்மாடி ஆட்கள்தான் போகமாட்டார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் ஒன்று நடந்தது. எலியைத் தூக்குவதென்றால் வாலின் அடியைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். புதுசு, வாலின் நுனியைப் பிடித்துவிட்டாள். எலி ஒரு திமிறு திமிறியது. வாலின் தோல் உறை கழன்ற மாதிரி முழுசாக அவள் விரலோடு வந்துவிட்டது. எலி உரிந்த வாலோடு தரையில் விழுந்து ஓடியது. அவள் கூண்டு கழுவும் தொட்டியடிக்குப் போய் காலையில் சாப்பிட்டது அத்தனையும் வாந்தி எடுத்தாள். "பழகிடும்மா" என்றார் மேற்பார்வையாளர். பழகவில்லை. அன்றோடு சரி, அதற்கப்புறம் எந்த எலியின் வாலையும் அவள் தொட்டதில்லை.

அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தாள். துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயைக் கேட்டு வாங்கிவந்து, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கூண்டுக்கு ஒன்றாகப் போட்டாள். எலிக்குக் குழாய் என்றால் கொண்டாட்டம், தானாகவே உள்ளே போய்விடும். இரண்டு பக்கமும் கையால் பொத்தித் தூக்கினால் ஆயிற்று. குழாய் நைந்துபோன நாளில் உள்ளங்கையை விரித்துக் கூண்டுக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பாள். அது வந்து மோந்து பார்த்து, போய், திரும்பி வந்து, கடைசியில் கையில் ஏறி உட்காரும். முப்பது கூண்டு முடிக்க அரை நாள் ஆகும்.

கூட வேலை பார்த்தவனுக்கு மின்னல் என்று பேர். அதே முப்பது கூண்டை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவான். வாலைப் பிடி, தூக்கு, போடு. "என்னக்கா, எலிக்குத் தாலாட்டுப் பாடறியா?" என்று கேட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். கெட்டவன் இல்லை, காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு பிறந்தவன்.

எலியக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்தவர். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ் நிறைய ஆட்களோடு, போகவேண்டிய பாதையை விட்டு எங்கோ திரும்பினார். ஜனங்கள் முதலில் கத்தினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. எப்போதோ மூடிப்போன பழைய டிப்போவின் பூட்டிய கேட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, யாராவது வந்து திறப்பார்கள் என்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கண்டக்டர்தான் மெல்லப் பக்கத்தில் போய்ச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்.

தலையை ஸ்கேன் எடுத்த டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். நினைவைச் சேர்த்து வைக்கிற இடம் கடல்குதிரை மாதிரி வளைந்து இருக்குமாம், அது சுருங்கிக்கொண்டு வருகிறதாம், சுற்றிலும் ஒரு புரதம் கசடாகப் படிகிறதாம். எலியக்காவுக்கு எல்லாம் முன்பே தெரியும். அவள் கூண்டுகளில் இருந்த எலிகளுக்கும் அதே நோய்தான். அந்தக் கசடு படிகிற மாதிரியே பிறக்கவைத்த எலிகள் அவை.

இப்போது அவர் வீட்டுக்குள் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடக்கிறார். கூடத்தின் நடுவே கிணறு இருப்பதுபோல ஓரமாகவே சுற்றி வருவார். மகள் நல்ல வேலையை விட்டுவிட்டுப் பகலெல்லாம் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். சாயங்காலம் எலியக்காவின் முறை. வந்ததும் வராததுமாக, "வாங்க வாங்க, குளிக்க நேரமாச்சு" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தண்ணீர் ஊற்றி, துடைத்து, சட்டை மாட்டி, அரை மணியில் முடித்துவிடுவாள். அதற்குமேல் சமையல் கிடக்கும், துணி கிடக்கும்.

போன வருஷம் மேல்மாடியிலிருந்து ஒரு புது மருந்து இறங்கியது. கசடைக் கரைக்கிற மருந்து. நிலையத்தின் தலைவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடித்தளத்துக்கு வந்தார், பல வருஷத்தில் முதல் தடவையாக. இரண்டு அடுக்கு. இடது அடுக்கில் முப்பது கூண்டு, தண்ணீர்ப் புட்டியில் மருந்து. வலது அடுக்கில் முப்பது கூண்டு, வெறும் தண்ணீர். "ஒண்ணோட ஒண்ணு கலந்துடவே கூடாது" என்றார். அப்புறம் எலியக்காவைப் பார்த்து, "மருந்து கொடுக்கிற அடுக்கு முழுக்க உங்க பொறுப்பும்மா. உங்க கையில தப்பே வராதுன்னு சொல்றாங்க" என்றார். வலது அடுக்கு மின்னலுக்கு.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. சொன்னால் வெட்கக்கேடு, அன்றைக்கு வீட்டுக்குப் போய் மகளிடம்கூடச் சொன்னாள்.

நான்கு மாதம் கழித்துச் சோதனை. ஒரு பெரிய வட்டத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பால்பொடியைக் கரைத்துக் கலங்கலாக்குவார்கள். நீருக்கடியில் ஒரு சின்ன மேடை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். எலி நீந்தி நீந்தி அதைக் கண்டுபிடித்து ஏறவேண்டும். மறுநாள் விட்டால், நினைவிருக்கிற எலி நேரே மேடைக்குப் போகும். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி அடுத்த அறையில் திரைக்கு முன் உட்கார்ந்து நேரம் குறிப்பாள். எது மருந்து எலி, எது தண்ணீர் எலி என்று அவளுக்குச் சொல்லமாட்டார்கள். தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். எலியைக் கொண்டுவந்து தண்ணீரில் விடுவது கீழ்த்தளத்து ஆட்கள். இடது அடுக்கு எலியை எலியக்கா விட்டாள், வலது அடுக்கு எலியை மின்னல் விட்டான். மாணவியின் கண்ணைக் கட்டியவர்கள் எலியின் கண்ணைக் கட்ட மறந்துவிட்டார்கள்.

முடிவு அமோகம். மருந்து எலிகள் பாதி நேரத்தில் மேடையைப் பிடித்தன. பெரிய அரங்கில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி அறிவித்தார்கள். கீழ்த்தளத்து ஆட்களையும் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னார்கள். முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து மூக்கைச் சுளித்தார். பெரிய டாக்டர் திரையில் இரண்டு வட்டங்களைக் காட்டினார். ஒரு வட்டத்தில் எலி நீந்திய தடம் நேர்க்கோடாக மேடைக்குப் போனது. இன்னொன்றில் தடம் தொட்டியின் ஓரத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. "இது நினைவு, அது மறதி" என்றார். கைதட்டல் கூரையைத் தொட்டது.

எலியக்கா கைதட்டவில்லை. ஓரத்தைச் சுற்றுகிற எலியை அவளுக்குத் தெரியும். வலது அடுக்கு, ஒன்பதாம் கூண்டு, அடையாளத்துக்குக் காதில் இரண்டு வெட்டு. கையை நீட்டினாலே மூலைக்குப் போய் மரத்தூளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். நாலு மாதமாக மின்னல் வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிய எலி. அதே வாலைப் பிடித்துத் தண்ணீரில் போட்டால் அது மேடையையா தேடும்? சுவரைத்தான் தேடும். அது மறதி இல்லை, பயம்.

அவளால் உட்கார முடியவில்லை. இத்தனை படித்தவர்கள், இத்தனை கருவி, மூளையின் ஒற்றை நரம்பைப் பிடித்துக் காட்டுகிறவர்கள், எலியைத் தூக்குவது ஒரு கை என்பதை யோசிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கை அடித்தளத்தில் இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது.

அன்று மத்தியானமே மாணவியைப் பிடித்துச் சொன்னாள். "நான் குழாயில தூக்கறேன்மா, அவன் வாலைப் பிடிச்சுத் தூக்கறான். நாலு மாசமா அப்படித்தான். உங்க மருந்தும் வெறும் தண்ணியும் தனியா எங்க இருந்துச்சு? என் கையும் அவன் கையும்தான் இருந்துச்சு."

மாணவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

அந்தப் பெண் நல்ல பெண். சத்தம் போடாமல் புதிதாக இருபத்துநாலு எலிகளை எடுத்து, பாதிக்கு மருந்தும் பாதிக்குத் தண்ணீரும் வைத்து, எல்லாவற்றையும் எலியக்காவின் கையிலேயே விட்டாள். மாதங்கள் போயின. தொட்டியில் விட்டார்கள். இருபத்துநாலும் ஒரே மாதிரி நீந்தின. மருந்து எது, தண்ணீர் எது என்று பிரிக்கவே முடியவில்லை. மாணவி அந்த அறிக்கையைப் பெரிய டாக்டரிடம் கொடுத்தாள். அவர் புரட்டிப் பார்த்து, "எண்ணிக்கை போதாது" என்று மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். அவ்வளவுதான்.

இதற்குள் மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க ஏற்பாடு தொடங்கிவிட்டது. எலியக்காவின் மகள் செய்தியைப் படித்த அன்றே விண்ணப்பித்திருந்தாள். அப்பாவின் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. "உன் ஆபீஸ்ல தாம்மா கண்டுபிடிச்சிருக்காங்க! உன் கையால வளத்த எலிம்மா!" என்று மகள் அவளைக் கட்டிக்கொண்டாள். ஐந்து வருஷத்தில் அந்தப் பெண் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அன்றுதான். எலியக்கா மகளின் தலையைக் கோதினாள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். அது அவள் செய்த தப்பு.

மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதி தருவதற்கு ஒரு குழு வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. புதன்கிழமை பெரிய டாக்டர் அவளை மேலே கூப்பிட்டனுப்பினார். ஐந்தாம் மாடி. அறைக்குள் எலுமிச்சை வாசனைத் திரவம் தெளித்திருந்தார்கள், அவள் வருகிறாள் என்று இப்போதுதான் தெளித்திருப்பார்கள் போல. அவர் நாற்காலியைக் காட்டினார். மேசைமேல் புத்தம் புதிய கூண்டு அட்டைகள், அறுபது. தேதிகளை அச்சடித்தாற்போல நிரப்பியிருந்தார்கள். அவள் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி.

"குழு எலிகளை யார் பாத்துக்கிட்டாங்கன்னு கேப்பாங்கம்மா. ஒரு நாள் நீங்க இந்த அடுக்கு, மறுநாள் அந்த அடுக்கு, அப்படி மாத்தி மாத்திப் பாத்திருக்கணும். அதைத்தான் எழுதியிருக்கோம். உங்க பெட்டியில இருக்கற பழைய அட்டையைக் கொடுத்துட்டு இதுல போட்டுடுங்க. வலது அடுக்குத் தம்பி கையெழுத்துப் போட்டாச்சு."

"மாத்தி மாத்திப் பாக்கலையே சார்."

"பாத்திருக்கணும்ல?"

என்ன பேச்சு பாருங்கள். நடக்காததை எழுதச் சொல்வதை நடந்திருக்க வேண்டியது என்று சொல்லிவிட்டால் பொய் குளித்து உடை மாற்றி வந்துவிடுகிறது. எலியக்கா ஒரு அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"இடது அடுக்குல நாலு செத்துச்சு சார். தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுக்கிட்டு, நின்ன இடத்துலயே சுத்திச் சுத்தி வந்து செத்துச்சு. என் அட்டையில எழுதியிருக்கேன். இதுல இல்லையே?"

"வயசான எலிக்கு அதெல்லாம் வரும்மா."

"ஆறு மாச எலிதான் சார்."

அவர் பேனா மூடியைத் திறந்து மூடினார். பிறகு குரலைத் தாழ்த்தி, உறவுக்காரர் மாதிரி முன்னால் சாய்ந்தார். "உங்க வீட்டுக்காரர் பேரு லிஸ்ட்ல இருக்கு, தெரியும். பாதிப் பேருக்கு வெறும் மாத்திரைதான் கெடைக்கும். அவருக்கு மருந்தே கெடைக்கிற மாதிரி நான் பாத்துக்கறேன்."

"யாருக்கு எது குடுக்கறாங்கன்னு யாருக்குமே தெரியாதுன்னு பாரத்துல போட்டிருக்கே சார்?"

அவர் சிரித்தார். "யாருக்குமேன்னா, நோயாளிக்கும் குடும்பத்துக்கும்."

எலியக்காவுக்கு வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில். எலிச் சோதனைதான் தெரியாமல் கெட்டது என்று இதுவரை நினைத்திருந்தாள். மனிதச் சோதனையைத் தெரிந்தே கெடுக்கத் தயாராக இருக்கிறார் இவர். அதுவும் யாருக்கு? நாலு எலியைச் சுற்றிச் சுற்றிச் சாகவைத்த மருந்தை அவள் புருஷனுக்குச் சலுகையாக நீட்டுகிறார். ஒன்றுக்கும் உதவாது என்று காட்டிய அறிக்கையை இழுப்பறைக்குள் போட்டு மூடியவரே நீட்டுகிறார். எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறி நெஞ்சுவரை அடைத்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்தாள். கதவைச் சாத்துமுன் திரும்பிப் பார்த்தாள். அவள் தொட்ட அட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவர் கையில் கிருமிநாசினி ஊற்றி விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மகள் ஒப்புதல் பாரத்தை நிரப்பி மேசைமேல் வைத்திருந்தாள். மனைவியின் கையெழுத்து மட்டும் பாக்கி. எலியக்கா அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். குழாய், வால், தொட்டி, செத்துப்போன நாலு. மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க முகம் இறுகிக்கொண்டு வந்தது.

"எத்தனை மாசமா உனக்குத் தெரியும்?"

எலியக்கா பாரத்தை எடுத்துப் புரட்டினாள்.

"நான் லூசு மாதிரி நாளை எண்ணிக்கிட்டு இருந்தேன். நீ பாத்துக்கிட்டே இருந்திருக்க."

"மூணாம் பக்கத்தைப் படிச்சியா கண்ணு? மூளையில நீர் கோக்கலாம், ரத்தம் கசியலாம்னு போட்டிருக்கு. நாலு எலி அப்படித்தான்..."

"எலி, எலி, எலி! அப்பாவைப் பத்திப் பேசும்மா! ஒண்ணும் ஆகலன்னாலும் பரவாயில்ல, ஏதோ பண்ணினோம்னாவது இருக்கும்ல? இப்ப என்ன இருக்கு நமக்கு?"

அவர் சுவரோரமாக நின்று, சத்தம் வருகிற திசையைப் பார்க்காமல், சுவரில் ஒரு ஆணி அடித்த ஓட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். எலியக்கா பேனாவை எடுத்தாள். பொய் சொல்வானேன், எடுத்தாள். அட்டையில் ஒரு கையெழுத்து, பாரத்தில் ஒரு கையெழுத்து, இந்த வீட்டில் கொஞ்ச நாளைக்குச் சிரிப்பு இருக்கும். பேனா முனையைத் தாளில் வைத்துவிட்டாள். அப்போது அவர் திரும்பினார். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தார். அவர் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார், டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்க்கிற பழக்கம். ஆனால் அவளுக்கு இடது அடுக்கின் அந்த நாலு எலிதான் தெரிந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை அவள் மேலே போகவில்லை. வெள்ளிக்கிழமை குழுவினர் மூன்று பேர் அடித்தளத்துக்கும் வந்தார்கள், சம்பிரதாயத்துக்கு. பெரிய டாக்டர் கைக்குட்டையோடு கூடவே வந்தார். எலியக்கா தகரப்பெட்டியைத் திறந்து அறுபது பழைய அட்டைகளையும் மேசைமேல் அடுக்கினாள். இடது அடுக்கு முழுக்க அவள் கையெழுத்து. வலது அடுக்கு முழுக்க மின்னலின் கிறுக்கல். நாலு அட்டையில் சாவுக் குறி. மாணவி மாடிப்படியில் இறங்கிவந்து தன் அறிக்கையின் நகலைப் பக்கத்தில் வைத்தாள். குழுவில் வயதான அம்மாள் ஒருவர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எலியை எப்படித் தூக்குவீங்க, செஞ்சு காட்டுங்க" என்று கேட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள்.

நியாயம் வென்றது என்று யாரும் எழுந்து நிற்க வேண்டாம். "பதிவேடுகளைப் பராமரிப்பதில் சிறு குறைபாடு" என்று எழுதினார்கள். மருந்து கொடுப்பதைக் காலவரையில்லாமல் தள்ளிவைத்தார்கள். பெரிய டாக்டரை அதைவிடப் பெரிய பதவிக்கு ஆலோசகராக அனுப்பினார்கள், வழியனுப்பு விழாவில் மூளை வடிவத்தில் ஒரு கண்ணாடிப் பொம்மை கொடுத்தார்கள். மாணவி வேறு ஊருக்குப் போய்விட்டாள். இரண்டு அடுக்கு எலிகளையும் ஒரே நாளில் வாயுப்பெட்டிக்குள் வைத்து முடித்தார்கள். குழாயில் தூக்கியது, வாலில் தூக்கியது என்ற வித்தியாசம் அங்கே இல்லை. எலியக்காவைக் கையுறைகளும் பஞ்சும் வைக்கிற கிடங்குக்கு மாற்றினார்கள். "இனிமேல் நாத்தம் இருக்காதும்மா" என்று மேற்பார்வையாளர் ஆறுதல் சொன்னார். அவர் முகத்தில் காறித் துப்பலாம் போல இருந்தது அவளுக்கு.

கிடங்கில் முதல் நாள், மத்தியானம் இரண்டு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்தாள். மகள் அவளைக் கண்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். வாரக்கணக்காகப் பேச்சு இல்லை. கூடத்தில் நாற்றம். அவர் போட்டிருந்த பேண்ட்டிலேயே மலம் கழித்துவிட்டு, அது காலில் வழிய, மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். சுவரிலும் கை வைத்திருக்கிறார்.

எலியக்காவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. எல்லார்மேலும் இருந்த ஆத்திரம். "என்னங்க இது! வாங்க, வாங்க இப்படி!" என்று போய் மணிக்கட்டைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். அவர் திமிறினார். தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டுக்கொண்டு, சுவருக்குள் முகத்தைப் புதைத்தார்.

சட்டைக் கை மேலே ஏறிவிட்டது. சாயங்கால வெளிச்சத்தில் இதுவரை அவசரத்தில் பார்க்காததை இந்த மூன்று மணி வெயிலில் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றி விரல் தடங்கள். மஞ்சளாகிப்போனவை, பச்சையானவை, நேற்றைய நீலம், இப்போதைய சிவப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக, தேதி வாரியாக. அட்டை பார்த்துப் பழகிய கண். யார் பொறுப்பில் இருந்த கூண்டு என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கையெழுத்துத் தேவைப்படவில்லை. அவள் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

அவள் கையை எடுத்துவிட்டாள். முதல் வாரத்தில் வாலின் தோலோடு நின்ற அதே கை. ஐந்தாம் மாடியில் வந்த குமட்டல் திரும்பி வந்தது, இந்தமுறை எலுமிச்சை வாசனை இல்லாமல். ஐந்து வருஷம். எலியைக் கேட்டுக் கேட்டுத் தூக்கினாள். இந்த மனுஷனை ஒருநாள் கேட்டதில்லை. வீடெல்லாம் சுவர் பிடித்து நடக்கிறாரே என்று அத்தனை டாக்டரிடமும் சொன்னாளே தவிர, ஏன் என்று ஒருநாள் யோசித்தாளா? தொட்டியைத் திரையில் பார்த்த நொடியில் புரிந்தவளுக்கு, தன் கூடத்தில் புரியவில்லை. சீ என்று வாய்விட்டுச் சொன்னாள். அவர்தான் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார்.

கூடத்தின் நடுவே போய், அந்த அசிங்கத்துக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். உள்ளங்கையை மேலே பார்க்க விரித்து நீட்டினாள். கூப்பிடவில்லை. பழக்கதோஷம், கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபது. அவர் பார்த்தார், சுவர்ப்பக்கம் திரும்பினார், இரண்டு அடி நகர்ந்தார், நின்றார். ஒரு கட்டத்தில் அவள் தோள் வலியில் நடுங்கத் தொடங்கியது. கையை இறக்கவில்லை.

அவர் சுவரை விட்டுவிட்டு, கூடத்தின் நடுவழியாக நடந்து வந்து, அழுக்குக் கையை அவள் உள்ளங்கையில் வைத்தபோது மணி மூன்று முப்பத்தொன்று. பதினொரு நிமிடம். அது ஒன்றும் நினைவு திரும்பியதால் இல்லை. இவள் யார் என்று அவருக்கு அப்போதும் தெரியவில்லை.